ஒட்டுப் போட்ட செயின்

முதல் தடவை செயின் அறுந்தபோது நான் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். மிதித்த கால் வெறுமனே கீழே போனது, பெடல் சுழன்று வந்து கணுக்காலில் அடித்தது. ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்தவள் எப்படியோ ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் செயின் பத்தடி பின்னால் ரோட்டில் கிடந்தது. மணி ஐந்து நாற்பது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். சமையலறைச் சாவி என் இடுப்பில்.

நான் மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கிறவள். மகளிர் குழு மூலமாகக் கிடைத்த வேலை. ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு பற்ற வேண்டும். எட்டு மணிக்குப் பிள்ளைகளின் தட்டில் சூடாக விழ வேண்டும். சமைத்ததைப் போட்டோ எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும், அதற்கு சிக்னல் தேடிக் கொடிக்கம்பத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு பேர் வேலை அது. கூடச் சமைக்கும் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே வீடு. எனக்கோ ஐந்து கிலோமீட்டர். சாமான்களுக்கு நான் பொறுப்பு என்பதால் இருக்கிற ஒரே சாவியும் என்னிடம்தான் இருந்தது. முதல் பஸ் ஏழு மணிக்கு மேல்தான் வரும்.

அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். அக்கா பூட்டிய கதவுக்கு முன்னால் வெங்காயத்தை மடியில் வைத்து உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு போடும்போது மணி எட்டரை தாண்டிவிட்டது. பிள்ளைகளில் இரண்டு பேர் அதற்குள் சுருண்டு படுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். மத்தியானம் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆகாமப் பார்த்துக்குங்க" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சைக்கிள் என் மகளுடையது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் நர்சிங் படிக்க நாமக்கல்லுக்குப் போன பிறகு கூரைக்கடியில் நின்றது. எனக்கு இந்த வேலை கிடைத்தபோது வயது முப்பத்தெட்டு. அவள் விடுமுறைக்கு வந்த பத்து நாளில் பள்ளி மைதானத்தில் என்னை ஓட்டப் பழக்கிவிட்டுப் போனாள். முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. முதலில், "ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு மழையைச் சொன்னார். நான் ரெயின்கோட் வாங்கிக்கொண்டேன். அப்புறம் ரோட்டில் குழி என்றார், லாரி என்றார். ஒவ்வொன்றையும் நான் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். கெட்ட மனிதர் இல்லை அவர். மிளகும் காப்பியும் கொஞ்சம் உண்டு எங்களுக்கு. வாரத்தில் மூன்று நாள் வேறொருவரின் பிக்கப் வண்டியில் பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கீழே போவார். அந்த நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் அவரே பைக்கில் கொண்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம் இருக்கும்போது இரண்டு நாள் வண்டி எனக்கு எதற்கு?

செயின் அறுந்த அன்று சாயங்காலம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். கணவரும் கூட வந்தார். கடைக்காரர் ஐம்பது வயது மனிதர், வீண் பேச்சு பேசாதவர். செயினைத் தரையில் நீட்டிப் போட்டார். ஒரு கையால் நடுவில் பிடித்துத் தூக்கினார். அது பக்கவாட்டில் தளர்ந்து வளைந்தது.

"பாருங்க அம்மிணி. நல்ல செயினு இப்படி வளையாது. இழுத்துக் கெடக்குது."

"புதுசு போட்டுடலாங்களாண்ணா?"

"செயினு மட்டும் புதுசு போட்டா நிக்காதுங்க. பின்னால இருக்கற ஃப்ரீவீலு பல்லு பாருங்க, தேஞ்சு கொக்கி மாதிரி ஆயிருச்சு. பழைய பல்லுல புதுச் செயினு ஏறாது. மிதிக்கறப்ப வழுக்கும். ஏத்தத்துல வழுக்குனா உழுந்துருவீங்க. போட்டா மூணையும் செட்டாப் போடோணும். செயினு, ஃப்ரீவீலு, முன்னால இருக்கற பல்சக்கரம்."

"செட்டு இருக்குதுங்களா?"

"இங்க ஏதுங்க? ராசிபுரத்துல வாங்கியாரோணும். நான் அடுத்த வாரந்தான் எறங்குவேன்."

"அது வரைக்கும்?"

"அறுந்த கண்ணியக் கழட்டிட்டு லாக்குப் போட்டு ஒட்டிக் குடுக்கறேன். ஓடும். எத்தன நாளைக்கின்னு எங்கிட்டக் கேக்காதீங்க."

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எத்தன நாளைக்கின்னு தெரியாததுல எதுக்குப் போகோணும்? செட்டு வர்ற வரைக்கும் சைக்கிள் இங்கயே நிக்கட்டுமே."

"அப்ப நாளைக்கிக் காலைல நான் எப்படிப் போறது?"

மறுநாள் அவருக்கு லோடு இருந்தது.

"ஒட்டிக் குடுங்கண்ணா" என்றேன்.

கடைக்காரர் உடைந்த கண்ணியைத் தட்டி எடுத்தார். இரண்டு முனைகளையும் சேர்த்து, லாக்கின் இரண்டு ஆணிகளைச் செருகி, மேலே ஒரு சின்னத் தகட்டை வைத்தார். அதன்மேல் மீன் வடிவத்தில் ஒரு கிளிப்பைப் பிளையரால் அழுத்தினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. "இந்தக் கிளிப்புதான் எல்லாத்தயும் புடிச்சு நிக்குது" என்று என்னிடம் காட்டினார். என் கணவரும் குனிந்து பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, காதால்தான் ஓட்டினேன். செயின் சுற்றி வரும்போது லாக் பல்லின் மேல் ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன 'கிட்' சத்தம் வரும். அது ஒரே மாதிரி கேட்கும்வரை பயமில்லை. கொஞ்சம் மாறினால் இறங்கி விரலால் தடவிப் பார்ப்பேன். ஏற்றத்தில் எழுந்து மிதிப்பதை விட்டுவிட்டேன், இறங்கித் தள்ளினேன். அதற்காகக் கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். அதாவது இன்னும் இருட்டாக இருக்கும்போதே.

பலா சீசன் அப்போது முடியவில்லை. எங்கள் ஊரைத் தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலத்தைக் கடந்தால் ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் ரோட்டின் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், இடதுபக்கம் ஓரத்தில் பெரிய பலாமரம். அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம்வரை முக்கால்வாசி இறக்கம். மரத்தடியில் பழுத்து விழுந்த பழங்கள் வெடித்துக் கிடக்கும். வாசனை பாலத்திலேயே வந்துவிடும்.

ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது கணவர், "பாலத்துக்கு மேல கரடி நடமாட்டம் இருக்குதாட்ட இருக்குது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஊர் வாயில் ஆரம்பித்து மழை, குழி, லாரி என்று வரிசையாக வந்து கடைசியில் கரடி வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. "இன்னும் புலி ஒண்ணுதான் பாக்கி" என்றேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைக்காரர் சொன்னபடி அடுத்த வாரம் ராசிபுரம் போகவில்லை. அவர் மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம். ஒட்டுப் போட்ட செயின் பதினோரு நாள் ஓடியிருந்தது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், அவர் போகும்போது போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஒட்டு தாங்குகிறது என்று கணவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற பிடிவாதம்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் முகம் சரியில்லை.

"நாளைக்கி ஒருநாள் லீவு போட்டுடு" என்றார்.

"சாவி எங்கிட்ட இருக்குதுங்க."

"ஏழு மணி பஸ்ல போ."

"ஏழு மணிக்குப் பஸ் ஏறி, போய்ச் சேர்ந்து, எப்ப அடுப்புப் பத்த வெக்கறது? போன தடவையே போன் பண்ணிக் கேட்டாங்க. நீங்க கொண்டாந்து உடறீங்களா?"

"எனக்கு லோடு இருக்குது. நாலு மணிக்கே போகோணும்."

"அப்பறம் என்ன?"

"ஏம்புள்ள, சொன்னா ஒரு தடவையாச்சும் கேக்கமாட்டியா நீ?" என்று குரலை உயர்த்தினார். எங்களுக்குள் சத்தம் வருவது அபூர்வம். நானும் உயர்த்தினேன். வேலையை விடச் சொல்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு என்னதான் வேண்டும் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் விளக்கடியில் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் செயினில் ஏதோ செய்துகொண்டிருந்தார். எண்ணெய் போடுகிறார் என்று நினைத்தேன். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவருக்குப் பிடிக்கும் என்று, மீந்திருந்த பலாக்கொட்டையைப் பொரித்துத் தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் போய்விட்டிருந்தார். ஐந்து பத்துக்குக் கிளம்பினேன். நல்ல பனிமூட்டம். சைக்கிள் விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. ஊருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வரும்போது 'கிட்' சத்தம் மாறியிருந்தது. 'கிட்' என்பதற்குப் பதிலாக 'சரக்' என்று இழுத்தது. இறங்கித் தடவிப் பார்த்தேன். விரலுக்கு வித்தியாசமாக ஏதோ பட்டது. பனியில் எண்ணெய் உறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏற்றத்தைத் தள்ளியே ஏறினேன். உச்சி வரப்போகிறது, இனி இறக்கம்தான் என்று ஏறி உட்கார்ந்து ஒரு மிதி, இரண்டு மிதி. மூன்றாவது மிதியில் கால் வெறுமையில் இறங்கியது.

இந்தத் தடவை விழவில்லை. பயந்துகொண்டேதான் மிதித்தேன் போலிருக்கிறது. செயின் பின்னால் சரசரவென்று ரோட்டில் உதிர்ந்தது. இறங்கி, போன் விளக்கை எரியவிட்டுச் செயினை எடுத்தேன். எந்தக் கண்ணியும் உடையவில்லை. லாக்கின் இரண்டு ஆணிகளும் அப்படியே இருந்தன. மேல் தகடும் இல்லை, கிளிப்பும் இல்லை. தகடு பக்கத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று குனிந்து ரோட்டில் வெளிச்சம் அடித்துத் தேடினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ சூடான கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதுபோல இருந்தது. ஒரு உறிஞ்சல், பிறகு ஊதல், மறுபடியும் உறிஞ்சல். முன்னால், இடதுபக்கத்திலிருந்து வந்தது. பலா வாசனை அவ்வளவு நெருக்கமாக இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் நின்ற இடத்திலிருந்து மரம் இருபதடி கூட இல்லை.

போன் விளக்கை அணைக்க வேண்டுமா, அப்படியே வைத்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. தூரத்தில் இருந்தால் சத்தம் போட வேண்டும், பக்கத்தில் இருந்தால் அசையக் கூடாது என்று கணவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. இருபதடி தூரமா, பக்கமா? விளக்கைப் புடவையோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். சைக்கிளை மெல்லக் குறுக்காகத் திருப்பி எனக்கு முன்னால் நிறுத்தினேன். கையில் இருந்த செயின் சட்டத்தில் பட்டு 'கிணிங்' என்றது.

உறிஞ்சல் நின்றுவிட்டது.

பனிக்குள் ஒரு கருப்பு வந்து ரோட்டில் நின்றது. முதலில் அதற்குத் திமில் இருப்பதுபோலத் தோன்றியது. அப்புறம் அந்தத் திமில் தலையைத் திருப்பியது. முதுகின் மேல் குட்டி ஒன்று தொற்றிப் படுத்திருந்தது. தாய் மூக்கை மேலே தூக்கிக் காற்றை இழுத்தது. அந்த மூச்சு எனக்குக் கேட்டது. நான் மூச்சு விட்டேனா இல்லையா என்று தெரியாது. என் மகளின் முகமோ சாமியோ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைப் போடவில்லையே, கை நழுவினால் சைக்கிள் விழுந்துவிடுமே என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அது ஒரு தடவை 'ஹப்' என்று இருமியது. பிறகு எந்த அவசரமும் இல்லாமல் ரோட்டைக் கடந்து வலதுபக்கக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கியது. செடி முறிகிற சத்தம் கொஞ்சம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. போய்விட்டதா, உள்ளே நிற்கிறதா என்று தெரியவில்லை.

திரும்பினால் வீடு. ஆனால் பாலம்வரைதான் இறக்கம், அப்புறம் நடக்க வேண்டும்; சாவியும் என்னிடம். முன்னால் போனால் மரத்தைத் தாண்டி ஒரு ஐம்பது அடி. அதற்கப்புறம் இறக்கம். செயின் இல்லாத சைக்கிளும் இறக்கத்தில் ஓடும், பிரேக் இருக்கிறது. அது கடந்துபோன அதே இடத்தைத்தான் நான் தாண்ட வேண்டும். நின்று யோசிப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. செயினைக் கூடைக்குள் வைத்தால் சத்தம் வரும் என்று புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகினேன். நடந்தேன். ஃப்ரீவீல் 'கிர்கிர்கிர்' என்று சுற்றிக் காட்டிக்கொடுத்தது, அதனால் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மரத்தடியில் பழக்கோது செருப்பில் வழுக்கியது. வலதுபக்கம் நான் பார்க்கவே இல்லை. இறக்கம் தொடங்கியதும் ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது ஆறு பத்து. கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் கையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, கீழ உழுந்துட்டியா? கையெல்லாம் ஏன் இப்படிக் கிரீசா இருக்குது?"

"செயினு கழண்டுக்கிச்சுங்கக்கா" என்றேன். கரடியைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் கிச்சடி நேரத்துக்கு ஆகாது. எட்டு மணிக்குச் சாப்பாடு போட்டோம். போட்டோவும் போனது.

பத்து மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ரோடு வழியாகச் சைக்கிள் கடைக்குப் போனேன். வழியெல்லாம் கடைக்காரர்மேல்தான் கோபம். போனதும் செயினை அவர் முன்னால் போட்டேன்.

"என்னங்கண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? கிளிப்பு கழண்டு போச்சு. அந்தப் பனில, அந்த எடத்துல நான் தனியா நின்னேனுங்க."

அவர் லாக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் ஆணி நுனியைத் தடவினார். இன்னொரு தடவை பார்த்தார்.

"தானாக் கழண்டது இல்லீங்க இது" என்றார். "ஆணி மேல பிளையரு கடிச்ச தடம் இருக்குது பாருங்க. புதுத் தடம். நான் போட்டப்ப இந்தப் பக்கம் பிளையரு படல." கொஞ்சம் தயங்கினார். "ஊட்டுல யாராச்சும் கழட்டிப் பாத்தாங்களா அம்மிணி?"

வாசல் விளக்கடியில் பின்சக்கரம் மெதுவாகச் சுற்றியது கண்ணுக்கு முன்னால் வந்தது. "தெரியலீங்கண்ணா" என்றேன். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கணவர் வந்தது மூன்று மணிக்கு. நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கேட்பது என்று நான்கு ஐந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் அவசியமில்லாமல் போனது. சைக்கிள் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சைக்கிள் எங்க?"

"கடைல."

"நீ... போனியா காலைல?"

"போனேன்."

"எப்படிப் போன? அது வாசல்லயே கழண்டிருக்கோணுமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க கழண்டுச்சு தெரியுங்களா?" என்றேன். "பலாமரத்துக்கு நேரா. கரடி இருந்துச்சு. குட்டிய முதுகுல போட்டுட்டு நின்னுச்சு. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் இருக்கற தூரம்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கையை எடுக்காமலேயே பேசினார். போன வாரம் இரண்டு தடவை லோடு ஏற்றிப் போகும்போது பிக்கப் வெளிச்சத்தில் அதே இடத்தில் அதைப் பார்த்தாராம். சொன்னால் நான் சிரிக்கிறேனாம். முந்தின நாளும் பார்த்திருக்கிறார். அதனால்தான் லீவு போடச் சொன்னாராம்.

"டயர்ல காத்தப் புடுங்கி உட்டா நீ பம்பு அடிச்சிட்டுப் போயிருவ. அதனாலதான் கிளிப்பக் கழட்டுனேன். வாசல்ல ஏறி மிதிச்சதும் உழுந்துரும், நீ பேசிக்கிட்டே பஸ்ஸுக்குப் போவேன்னு நெனச்சேன். சத்தியமா அவ்வளவு தூரம் தாங்கும்னு நெனைக்கல."

"குட்டியோட பாத்தேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்ல? நீ புலி ஒண்ணுதான் பாக்கின்னு சிரிச்ச."

"நடமாட்டம் இருக்குதாட்ட இருக்குதுன்னு சொன்னீங்க. ரெண்டு கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களா?"

என் தப்பு எது, அவர் தப்பு எது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அவர் கரடிக்குப் பயந்தார், அது சரி. என்னிடம் பேசுவதற்குப் பதிலாக, நான் உயிரை நம்பி ஏறுகிற பொருளில் கை வைத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயத்தை ஊகித்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. புது லாக் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இதப் போட்டா மறுபடியும் ஓடுமுங்க. ஒட்டு மேல தப்பில்ல, நல்லாத்தான் நின்னுது. இன்னும் ஒரு மாசம்கூட வரும்."

அவர் சொன்னது உண்மைதான். ஒட்டு நிற்காமல் போகவில்லை. ஆனாலும் அந்தச் செயினின் மேல் ஏறி இனி ஒரு மிதிகூட என்னால் மிதிக்க முடியாது என்று தோன்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு போவது போதும். அந்த லாக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு எண்ணெய் போடுகிற கையும் கழற்றுகிற கையும் ஒன்றாகத் தெரியும்.

"வேண்டாங்கண்ணா. செட்டா மாத்திடலாம். என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க. நானே போய் வாங்கியாறேன்."

"உங்க ஊட்டுக்காரரு திங்கக்கெழம வண்டில எறங்குவாருங்களே, அவருகிட்டச் சொன்னா..."

"நானே போறேனுங்க."

முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வளைவுகளில் எனக்கு எப்போதும் வயிற்றைப் புரட்டும். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே சாமான் கடையில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு அனுப்புனாங்க? எந்தச் சைக்கிளுக்குன்னு அவங்களயே வரச் சொல்லுங்க" என்றார். பழைய ஃப்ரீவீலைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "இதே பல்லு எண்ணிக்கை வேணும். லாக்கு ரெண்டு எச்சாக் குடுங்க, கையில இருக்கட்டும்" என்றேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் ஃப்ரீவீலையும் பல்சக்கரத்தையும் மாட்டினார். செயினை நான் மாட்டினேன். கிளிப் மூன்று தடவை தெறித்து ஓடியது. நான்காவது தடவை உட்கார்ந்தது. கிளிப்பின் திறந்த வாய் செயின் ஓடுகிற திசைக்குப் பின்பக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

சைக்கிள் சரியாகிவிட்டது, கரடி அங்கேதான் இருந்தது. அதற்கு வழி சொன்னது என் கணவர்தான். அன்று சாயங்காலம், இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தவர், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னொரு சாவி போட்டு அந்தக் கூடச் சமைக்கற அம்மாகிட்டக் குடுத்துட்டா என்ன? அவங்க அஞ்சரைக்கு அடுப்புப் பத்த வெச்சிருவாங்க. நீ வெளிச்சம் வந்ததுக்கு அப்பறம் கெளம்பலாமில்ல?"

நான் தேங்காய் துருவுவதை நிறுத்தினேன். இந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு பேருக்குமே தோன்றாத யோசனை. திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்துவிட்டது. அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். சாவிக்கு அன்றைக்கே சம்மதம் சொன்னார், வனத்துறைக்கும் தகவல் சொன்னார். அக்கா மட்டும், "அன்னைக்கே சொல்லாம கிச்சடி கிண்டுனியே, நீ என்ன பொம்பள!" என்று திட்டினார்.

வீட்டில் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஒரு நாள் அவர், "இனி என்னைய நம்பமாட்டியா?" என்று கேட்டார்.

"நம்பறேன். சைக்கிள் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றேன்.

"செரி" என்றார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டதே இல்லை. மழையில் நனைந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் உள்ளே தள்ளச் சொல்வார். ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. ஆனால் நீங்களே தள்ளுங்க என்று நான் சொல்லவில்லை.

புது செட் போட்டு இரண்டாவது வாரம். அன்று அவருக்கு லோடு இல்லை, வீட்டில் இருந்தார். ஐந்தே முக்கால், தெருவில் ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம். நான் சைக்கிளை வெளியே எடுத்தபோது அவர் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். பைக்கை எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. பனியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"என்னங்க?" என்றேன்.

"நேத்து ராத்திரி பாலத்துகிட்டப் பாத்ததாப் பால்காரர் சொன்னாரு. நான் பாக்கல. அவரு சொன்னாரு."

பார்த்தது யார், பார்க்காதது யார் என்று பிரித்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பால்காரரு எத்தன மணிக்கு அந்தப் பக்கம் போவாரு?"

"இப்ப வர்ற நேரந்தான்."

"அப்ப அவரு வண்டிக்குப் பின்னாலயே போயிக்கறேன்."

பால் வண்டி வரும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றோம். வண்டி எங்கள் வாசலைத் தாண்டியதும் நான் சைக்கிளில் ஏறினேன்.

"போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

வாயில் நுரையோடு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.